கடைவாய்ப் பல்லுக்கு ஒதுக்காத பணம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். அங்கே அப்போது மதியச் சாப்பாடு முடிந்து, அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் பின்னால் கேட்கும். நலம் விசாரிப்பதெல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொள்வான்.

"சரி, சொல்லு. வாடகை?"

அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். வாடகை, மின்சாரம், பஸ் பாஸ், போன், மளிகை, பால், இதர. ஒரு தொகையை எழுதி முடித்த பிறகுதான் அண்ணன் அடுத்ததைக் கேட்பான். பதினைந்து வருஷமாகக் கூட்டுறவுப் பண்டகசாலையில் காசாளர். சாயங்காலம் கல்லாவை மூடும்போது ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் அது எங்கே போனதென்று தெரியாமல் வீட்டுக்கு வர மாட்டான்.

அவனிடம்தான் அவள் ஐந்து மாதமாகப் பொய்க் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்று ஆரம்பித்ததில்லை. முப்பது வயதில், ஆறு வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திச் சேர்த்த பணத்தோடும், அண்ணன் ஜாமீன் கையெழுத்து போட்ட வங்கிக் கடனோடும் மேல்படிப்புக்கு வெளிநாடு வந்தவள் அவள். புறப்படும் முன்னால் அண்ணனும் அவளும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மாதச் செலவுக்குத் திட்டம் போட்டார்கள். இந்த நாட்டுப் பணத்தில் எழுநூற்றி எண்பது. அதில் ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதற்காக இருபது, 'இதர' என்று தனியாக ஒதுக்கியிருந்தது. அண்ணனுக்கு அந்த இருபதின் மேல் தனிப் பெருமை.

இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுத் தரகர் இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார். ஊரில் கனமாக இருக்கிறதென்று வாங்கி வந்த கோட்டு, இங்கத்திய குளிருக்கு மெல்லிய துண்டு மாதிரி இருந்தது. ஹீட்டர் ஓடியதற்கு வந்த பில்லை உடன் தங்கியவளோடு இரண்டாகப் பிரித்த பிறகும் அதைப் பார்க்க மனசு வரவில்லை. எப்படிச் சுருக்கினாலும் மாதம் நூற்றி நாற்பது துண்டு விழுந்தது.

முதல் மாத முடிவில் அண்ணன் போன் செய்தபோது உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணி பின்னாலிருந்து, "ஸ்கூட்டர வித்ததுல இருந்து உங்க அண்ணன் பஸ்லதான் போறார்" என்று சும்மா பேச்சுக்குச் சொன்னாள். அவள் திறந்த வாயில் திட்டத்தில் எழுதியிருந்த தொகைகளே வரிசையாக வந்துவிட்டன. இந்த ஒரு தடவைதான் என்று நினைத்தாள். அடுத்த மாதம் அதற்கு ஏற்ற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதமும்.

துண்டு விழுந்ததை எங்கே இழுத்து மூடுவது? பஸ் பாஸை நிறுத்தினாள். கல்லூரிக்கு ஐம்பது நிமிஷம் நடந்தாள். மத்தியானச் சாப்பாடு ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் ஆனது. உடன் தங்கியிருந்த பெண் இருபத்திரண்டு வயசுக்காரி. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள்தான் இவளுக்கு லேப் அக்கா என்று பெயர் வைத்தவள்.

"லேப் அக்கா, நீங்க இப்படியே போனா நாளைக்கு உங்களை எக்ஸ்ரே எடுக்க மெஷின் தேவையில்ல. ஜன்னல் பக்கமா நிறுத்தினாப் போதும்."

சிரித்துக்கொண்டே அவள் நடந்து போவாள். கல்லூரியில் வகுப்பு, பிறகு ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் சலவை வேலை. அந்தச் சம்பளம் கல்லூரிக் கட்டணத் தவணைக்கும் மாதச் செலவுக்கும் என்று திட்டத்திலேயே சேர்ந்திருந்தது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இருவர் இருவராக நின்று இழுத்து மடிக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மடிக்கும்போதும் மனசு கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் கணக்கு, நடந்தால் கணக்கு. பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஓரத்தில் தன்னையறியாமல் எண்களை எழுதி வைத்திருப்பாள்.

ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சலவை அறையில் குளிர்ந்த ரொட்டியைக் கடித்தபோது இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

முதல் இரண்டு நாள் கிராம்பு. அடுத்த இரண்டு நாள் மாத்திரை. படுத்தால் வலி காதுக்கு ஏறியது, அதனால் எழுந்து நடந்தாள். அறை நீளம் ஏழு அடி. ஏழு அடி போய், திரும்பி ஏழு அடி வந்தாள். வகுப்பில் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பாடத்தை ஆழ்ந்து கவனிக்கிறாள் என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டார்.

கல்லூரி எடுத்துக் கொடுத்த காப்பீட்டுத் தாளைத் தேடிப் படித்தாள். கண்ணுக்கு உண்டு, காலுக்கு உண்டு, மனசுக்குக் கூட உண்டு. பல்லுக்கு இல்லை. தெரு முனையிலிருந்த பல் மருத்துவமனைக்குப் போனாள். கண்ணாடிக் கதவில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. ரூட் கெனால், தொள்ளாயிரம். பல் பிடுங்க, நூற்றி எண்பது. வங்கியில் இருந்தது முந்நூற்றிப் பன்னிரண்டு, அதில் கையை வைத்தால் ஒன்றாம் தேதி வாடகைக்குக் குறையும். கதவைத் தள்ளாமலே திரும்பினாள். பாதி வழி வந்த பிறகு, பட்டியலைச் சரியாகப் படித்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் படித்திருந்தாள்.

அடுத்த வாரம் ஹோட்டலில் ஏதோ பெரிய மாநாடு நடக்கவிருந்தது. சூப்பர்வைசர் அவளைத் தனியாக அழைத்து, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று வேலை பார்த்தால் இருபது மணி நேரத்துக்கு மேற்பட்டதை ஏட்டில் எழுதாமல் கையில் ரொக்கமாகக் கொடுப்பதாகச் சொன்னார். எல்லோரும் செய்வதுதான் என்றார்.

வீட்டுக்கு வந்து ரேடியோவிடம் கேட்டாள்.

"நெறைய பேர் பண்றாங்கக்கா. ஆனா மாட்டினா மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. கடன் மட்டும் இங்கயே இருக்காது, அதுவும் கூடவே வரும்."

"ஒரு நாள்தானே."

"மாட்டறதுக்கும் ஒரு நாள் போதும்."

ஆனாலும் மறுநாள் சூப்பர்வைசரிடம் சரியென்றாள். நூற்றிச் சில்லறை கிடைக்கும். மிச்சத்தை எப்படியாவது புரட்டிப் பல்லைப் பிடுங்கிவிடலாம். முப்பது வயதில் ஒரு கடைவாய்ப் பல் போனால் என்ன, மறுபக்கம் மென்றால் போயிற்று என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ரேடியோ குளித்த தலையோடு ஓடி வந்து போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். இங்கே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பழைய சைக்கிள் விற்பனைக்கு, அறை காலி, பிரஷர் குக்கர் யாரிடமாவது உண்டா என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு செய்தி: 'பல் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தையும் கடும் வலியும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து தொடர்பு கொள்ளவும். மிக அவசரம்.'

"உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குல்ல?" என்றாள் ரேடியோ.

மறுநாள் கல்லூரி உணவகத்தில் அந்தப் பெண்ணைச் சந்தித்தாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்த விரல்களோடு இருந்தாள். வணக்கம் கூடச் சொல்லாமல், "ஆ காட்டுங்கக்கா" என்று போன் டார்ச்சை வாய்க்குள் அடித்தாள். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"அக்கா, இது அருமையான பல்லு."

"வலி உயிர் போகுது."

"அதான் வேணும். பரீட்சைக்கு உயிர் போற பல்லுதான் வேணும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நிஜமான ஆளை வச்சு ரூட் கெனால் பண்ணிக் காட்டணும். மூணு வாரமா தேடறேன். ஒருத்தர் வந்தார், ஊசிய பாத்ததும் பாத்ரூம் போறேன்னு போனவர்தான். இன்னும் வரல."

பொருட்களுக்கு மட்டும் நாற்பது கட்டினால் போதும் என்றாள். புதன்கிழமை எக்ஸ்ரே. வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பரீட்சை. நோயாளி வராவிட்டால் தேர்வு போச்சு. மறுபடி அரை வருஷம், மறுபடி கட்டணம்.

"எங்கப்பாகிட்ட இன்னொரு தடவை கேக்க எனக்கு வாய் வராதுக்கா."

வெள்ளிக்கிழமை என்றதும் சூப்பர்வைசரிடம் சரியென்றது இவளுக்கு நினைவு வந்தது. ஆனாலும் தலையாட்டினாள். எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை சூப்பர்வைசரிடம் போய் வெள்ளிக்கிழமை வர முடியாது என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை வராதவர்களுக்குத் திங்கட்கிழமையும் வேலை இருக்காது என்று, மழை வரும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

சலவை அறையிலிருந்து வெளியே வந்ததும் அவள் பல்காரப் பெண்ணை அழைத்தாள்.

"நாளைக்கு வர முடியாது போலிருக்கும்மா. வேலை போயிடும்."

அழுகிறாளோ என்று போனைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டாள்.

"சரிக்கா. பரவால்ல. நான் வேற யாரையாவது பாக்கறேன்."

மாலை நான்கு மணிக்கு, மறுநாள் காலை ஒன்பதுக்குள் சொத்தைப் பல்லோடு வேறு யாரைப் பார்ப்பாள்? இரண்டு பேருக்கும் அது தெரியும். போனை வைத்துவிட்டு அவள் நடந்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போனாள். பேருந்துப் பணிமனை, டயர்க் கடை, பூட்டிக் கிடந்த ஒரு மரக்கடை. தாடை துடித்தது. நாளைக்கு அந்த ரொக்கத்தை வாங்கினால் அதையும் ஒரு நோட்டில் மறைக்க வேண்டும். அண்ணனுக்கு ஒரு பொய், விசா அலுவலகத்துக்கு ஒரு பொய். இரண்டையும் எங்கே, எந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நேர்செய்வது? சாலை முடிந்து வேலி வந்துவிட்டது. அங்கே நின்றுதான் மறுபடி அழைத்தாள்.

"ஒம்போது மணிக்குத்தானே? எட்டே முக்காலுக்கு வந்துடறேன்."

"அக்கா, நிஜமா?"

"வேற ஆள் பாத்துட்டியா?"

"யாருமில்லக்கா. நான் இன்னும் அதே இடத்துலதான் உக்காந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய கூடத்தில் பதினாறு நாற்காலிகள் இருந்தன. பதினாறிலும் ஆள், பதினாறு பேர் பக்கத்திலும் ஒரு மாணவர். கையில் அட்டையோடு ஒரு தேர்வாளர் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். ஊசி போட்டு, தாடை மரத்து, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டியதும் வாய் என்ற ஒன்று தனக்கு இருப்பதே மறந்துபோயிற்று. பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வலி இல்லை. கண்ணீர் தானாக ஓரத்தில் வழிந்தது.

பல்லின் வேரில் மூன்று துளைகள் இருக்க வேண்டும். இரண்டைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள் அந்தப் பெண். மூன்றாவது கிடைக்கவில்லை. பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. தேர்வாளர் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு போனார். மெல்லிய கம்பி பல்லின் மேல் டக் டக்கென்று தட்டுவது லேப் அக்காவுக்குக் கேட்டது. கை நடுங்குகிறது.

அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் மனிதர்களின் கையில் நரம்பு தேடியவள். நரம்பு கிடைக்காதபோது இன்னும் அழுத்தித் தேடினால் அது இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் கை மேலும் உதறும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல இப்போது வாய் இல்லை. கையை உயர்த்தி அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டாள். கருவித் தட்டைக் காட்டி, கீழே வை என்று விரலால் சைகை செய்தாள்.

பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் திகைத்தன. "வலிக்குதாக்கா?"

இல்லையென்று விரலை ஆட்டினாள். மறுபடி தட்டைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து மூச்சை நீளமாக இழுத்து விட்டுக் காட்டினாள்.

அந்தப் பெண் கம்பியைத் தட்டில் வைத்தாள். எழுந்து நின்று, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைக் கழுவி, புதுசாக ஒன்று மாட்டிக்கொண்டு வந்தாள். விளக்கைக் கொஞ்சம் திருப்பினாள். நாலு நிமிஷம் போனதோ என்னவோ.

"இங்க இருக்கு," என்றாள், தனக்குத் தானே பேசுகிற குரலில். "கழுதை, இங்கயா இருந்தே."

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் தற்காலிக அடைப்பு வைத்து முடித்தாள். அன்று மாலையே செய்தி வந்தது. அறுபத்தியொன்று. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. கூடவே இன்னொரு செய்தி: பல் மேல் கவசம் போட வேண்டும், நூற்றி இருபது ஆகும், அதுவரை அந்தப் பக்கம் கடிக்கவே கூடாது, கடித்தால் நான் கொலை செய்வேன்.

சனிக்கிழமை ஹோட்டல் வேலைப் பட்டியலைப் போனில் திறந்து பார்த்தாள். அவள் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தும் பட்டியலை மூன்று தடவை மேலும் கீழும் நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனுக்குக் காத்திருக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள், முகம் தெரியும்படி.

"என்ன இது, கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கு?" என்றான் அண்ணன்.

பல்லைப் பற்றித் தொடங்கி, முதல் மாதத்து முன்பணம் வரைக்கும் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். வேலை போனதையும், ரொக்கத்துக்குத் தலையாட்டியதையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து வேகமாகச் சொன்னாள். அண்ணன் குறுக்கிடவில்லை. அவள் முடித்ததும் எழுந்து போய்த் தன் நோட்டை எடுத்து வந்தான்.

"பாலுக்கு எவ்வளவு சொல்லியிருக்கே தெரியுமா?"

"பதினாலு."

"அஞ்சு மாசமும் பதினாலு. நடுவுல ஒரு வாரம் காய்ச்சல், கஞ்சிதான் குடிச்சேன்னு சொன்னே. அப்பவும் பதினாலு. நெஜக் கணக்கு ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் வராது. கல்லாவுல உக்கார்றவன்கிட்ட போய் இதைச் சொல்றியே."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"மூணாவது மாசமே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னும் நல்லாப் பொய் சொல்லக் கத்துக்குவே. நீயா வருவேன்னு பாத்தேன்." அவன் நோட்டைத் திருப்பித் திருப்பி வைத்தான். முகம் திரையை விட்டு விலகியிருந்தது. "நான் உன்னைப் புடிக்கறதுக்கா கணக்கு கேட்டேன்? வாராவாரம் போன் பண்ணி வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல பாப்பா. உன் படிப்பு எனக்குப் புரியாது. கூட்டல் புரியும். அதான் அதைக் கேட்டேன்."

அண்ணி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அஞ்சு மாசமா ஒருத்தர் பொய் சொல்ல, ஒருத்தர் பொய்னு தெரிஞ்சே எழுதிக்க. கடைசியில கூட்டிப் பாத்தா மட்டும் சரியா வருதாம். நல்லா இருக்கு உங்க குடும்பம்."

மூவரும் சிரித்தார்கள். அவளுக்கு வீங்கிய பக்கம் சுளீரென்று இழுத்தது.

அதன் பிறகு ஒன்றேகால் மணி நேரம் உண்மையான கணக்கைப் போட்டார்கள். அழகான கணக்கு இல்லை. அடித்துத் திருத்தி, அம்புக்குறி போட்டு, இரண்டு தடவை சண்டை பிடித்து. கோட்டுக்கு ஏன் அவ்வளவு என்று அண்ணன் கேட்டான். நீ வந்து இங்கே ஒரு நாள் நின்று பார் என்று இவள் கத்தினாள். மாதம் நூற்றி நாற்பது துண்டு விழுவது அப்படியேதான் நின்றது. தன்னால் அறுபதுக்கு மேல் அனுப்ப முடியாது என்று அண்ணன் ஒளிக்காமல் சொன்னான்.

"அறுபது வேண்டாம்ணா. நீ ஸ்கூட்டர் வாங்கு."

"பஸ்ல போனா ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டேன். நீ மொதல்ல அந்த பஸ் பாஸை எடு. மீதி எம்பதுக்கு வழி பாரு. ரொக்கமா தர்றேன்னு எவன் வந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பு."

எண்பதுக்கு மட்டுமல்ல, சலவை வேலையில் வந்துகொண்டிருந்த முழுச் சம்பளத்துக்குமே வழி பார்க்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கிடங்கில் நான்கு நாள் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டினாள். அந்த மாத வாடகைக்கு ரேடியோ நூறு கொடுத்து, "வட்டி வேண்டாம், நான் பேசறதைக் கேட்டாப் போதும்" என்றாள். அது வட்டியை விடக் கடினமாக இருந்தது.

மூன்றாவது வாரம் பல்காரப் பெண் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். பல் மருத்துவக் கல்லூரியில் கருவிகளைக் கழுவிக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பிரிவுக்கு ஆள் வேண்டுமாம். மாணவர்களே போதும், வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். நேர்முகத்தில் இருந்த அம்மாள், ரத்தம் பட்ட கருவியை எப்படிக் கையாளுவாய் என்று கேட்டார். மற்ற எல்லாக் கேள்விக்கும் தடுமாறியவள், இதற்கு மட்டும் கால் மணி நேரம் நிறுத்தாமல் பதில் சொன்னாள். அந்த அம்மாள்தான் போதும் போதும் என்று கையைக் காட்டினார்.

வேலை கிடைத்தது. சம்பளம் சலவையை விடக் கொஞ்சம் கூடுதல். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் மாதம் முப்பத்தைந்து குறையத்தான் செய்தது. அண்ணனும் அவளும் அதை மளிகையில் கழிப்பதா, மின்சாரத்தில் கழிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கவசத்துக்கான நூற்றி இருபது எங்கிருந்து வரும் என்பதும் தெரியவில்லை. வலது பக்கம் மட்டும் மென்று பழகிக்கொண்டாள்.

முதல் நாள் வேலைக்கு, புதிதாக எடுத்த பஸ் பாஸோடு, பேருந்தில் போனாள். உட்கார இடம் இருந்தும் கதவுப் பக்கத்திலேயே நின்றாள். கால் தரையில் தாளம் போட்டபடி இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே மணியை அழுத்திவிட்டாள். தவறு தெரிந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டதால் இறங்கி, நேரம் ஆகிவிடுமோ என்று மிச்ச தூரத்தை வேகவேகமாக நடந்தாள்.